புழங்கும் பொருளில் வாழும் நகாசு

2023-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்களில் உளி பிடித்து உலோகத்தில் சித்திரம் வெட்டும் இருவர் இருந்தனர். ஒருவர் கர்நாடகத்தின் பீதர் நகரைச் சேர்ந்த ஷா ரஷீத் அகமது காத்ரி. கறுத்த உலோகத்தில் வெள்ளி பதிக்கும் பிதரி வேலையில் தேர்ந்தவர். மற்றவர் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தைச் சேர்ந்த தில்ஷாத் உசேன்; பித்தளையில் நகாசு வெட்டுபவர். இதே வேலையின் இன்னொரு கிளை தமிழ்நாட்டுப் பாத்திரக் கடைகளின் வாசலில் இருக்கிறது. கல்யாணச் சீருக்கு வாங்கிய குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு பெண்ணின் பெயரை வெட்டித் தருகிறவரின் வேலை அது. முதல் இருவருடையதைக் கலை என்கிறோம். மூன்றாமவருடையதைக் கடைக்காரர் பொருளோடு சேர்த்துத் தரும் சேவையாக மட்டும் பார்க்கிறோம்.

உலோகத்தில் கையால் செய்யும் அலங்காரத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே கவலையில் போய் முடிகின்றன: கைவினைஞர் குறைகிறார்கள், இயந்திரம் வந்துவிட்டது, அரசு உதவ வேண்டும். மூன்றும் உண்மைதான். ஆனாலும் இந்த வேலை ஓரிடத்தில் ஏன் தளர்ந்தது, இன்னோரிடத்தில் ஏன் நிற்கிறது என்பது அவற்றால் விளங்கவில்லை. பீதர், மொராதாபாத், தஞ்சாவூர், ஸ்ரீநகர், நம்மூர்ப் பாத்திரக் கடை ஆகிய ஐந்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. நகாசின் ஆயுள், அது ஏறியிருக்கும் பொருளின் புழக்கத்தைப் பொறுத்தது. பொருள் வீட்டில் கைமாறிக் கைமாறிப் புழங்கும்வரை வெட்டுகிறவருக்கு வேலை உண்டு. பொருள் கண்ணாடி அலமாரிக்குள் போனால், கொஞ்ச காலத்தில் அவரும் உளியை வைத்துவிடுகிறார்.

வெட்டு, தட்டு, பதிப்பு

உலோகத்தின் மேல் கையால் சித்திரம் செய்ய மூன்று வழிகள் உண்டு. முதலாவது வெட்டு. கூரிய உளி உலோகத்தைச் சீவி எடுக்கிறது. உளியின் முன்னால் மெல்லிய சுருள் எழும்புகிறது. இரண்டாவது தட்டு. முனை மழுங்கிய உளியைச் சுத்தியால் தட்டி உலோகத்தை அமுக்குவார்கள். இதில் உலோகம் குறைவதில்லை, இடம் மட்டும் மாறுகிறது. பின்புறமிருந்து தட்டினால் முன்புறம் உருவம் புடைத்து வரும். மூன்றாவது பதிப்பு. வெட்டிய பள்ளத்தில் வேறொரு உலோகத்தின் கம்பியையோ தகட்டையோ அடித்து இறுக்குவது அது. நல்ல வேலைக்காரர் ஒரே செம்பில் இவற்றில் இரண்டைக் கலந்து செய்வதும் உண்டு.

வெட்டுகிற உளியின் முனை பெரும்பாலும் ஆப்பு வடிவில் இருக்கும். ஆழமாகப் போனால் கோடு அகலும். மேலே தூக்கினால் மயிரிழையாக ஒடுங்கும். கொடியின் தண்டு தடித்துத் தொடங்கி நுனியில் மெலிவது இந்த ஒரே அசைவில்தான். வளைவு வேண்டுமானால் உளியைத் திருப்புவதைவிடப் பாத்திரத்தைத் திருப்புவதே வழக்கம். உளியின் முகத்தை எவ்வளவு மெருகேற்றித் தீட்டுகிறார்களோ அவ்வளவுக்குப் பள்ளத்தின் சுவர் பளபளக்கும். நகாசு மின்னுவது மேற்பரப்பின் மெருகால் மட்டும் இல்லை; சாய்ந்த சுவர்கள் வெளிச்சத்தை வெவ்வேறு பக்கம் திருப்புவதாலும்தான்.

தகடு மெல்லியது, அடி தாங்காது. ஆகவே அதன் அடியில் அரக்குக் கலவையைப் படுகையாக ஊற்றிக்கொள்வார்கள். சூட்டில் இளகி ஆறியதும் இறுகும் அந்தப் படுகை அடியை வாங்கிக்கொள்ளும். உலோகத்துக்கு உலோகம் குணமும் வேறு. செம்பு இளகியது, உளியோடு ஒட்டும். பித்தளை சுத்தமாக வெட்டுப்படும். எவர்சில்வரோ அடிபட அடிபட இறுகும். முதல் வெட்டைவிட இரண்டாவது வெட்டு கடினம். எந்த உலோகமானாலும் சீவி எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. பிசகிய கோட்டை இன்னொரு இலையாகவோ கொடியாகவோ மாற்றத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாத்திரம் வீண்.

புழங்கும் பாத்திரத்துக்கு இன்னொரு சோதனையும் இருக்கிறது. புளியும் சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்க்கும் வீட்டில் மேலோட்டமான கோடு சில ஆண்டுகளில் மறைந்துவிடும். பாட்டியின் செம்பில் இருக்கும் பூவேலை பேத்தியின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறதென்றால், அதை வெட்டியவர் அந்தத் தேய்மானத்தையும் எண்ணித்தான் ஆழம் வைத்திருக்கிறார்.

பானை ஓடு முதல் செப்பேடு வரை

புழங்கும் பொருளில் பெயர் கீறும் பழக்கம் தமிழகத்தில் மண்பாண்டத்திலேயே தொடங்கிவிட்டது. கொடுமணலிலும் கீழடியிலும் அகழ்ந்தெடுத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ஆட்பெயர்கள் இருக்கின்றன. ஆதன் என்ற பெயர் இரண்டு இடங்களிலும் வருகிறது. இத்தகைய ஓடுகளில் பானையைச் சுட்ட பிறகு கூர்முனையால் கீறிய எழுத்துகளும் உண்டு. சுட்ட பின் கீறியது என்றால், வனைந்தவரைவிட வாங்கிப் புழங்கியவரே பெயர் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த பொன், வெள்ளி மோதிரங்களிலும் தமிழ் பிராமியில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன.

அரசின் ஆவணங்களுக்கு இந்த உளி வேலை பின்னாளில் முதுகெலும்பானது. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள் கொண்டது. நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்த ஆனைமங்கலச் செப்பேட்டில் 21 ஏடுகள். வளைவு மிகுந்த எழுத்துகளைச் செம்பில் வரிவரியாக வெட்டுவது சாதாரணத் திறமை இல்லை. இவ்வகைச் செப்பேடுகள் சிலவற்றின் முடிவில் எழுத்தை வெட்டியவர்களின் பெயரும் இடம்பெற்றிருப்பது அந்தத் திறமைக்கு அக்காலம் தந்த மதிப்பைக் காட்டுகிறது.

அன்றாட வாழ்வில் நகாசு அதிகம் ஏறியவை வெற்றிலை போடும் சாமான்கள்: வெற்றிலைச் செல்லம், சுண்ணாம்புக் கரண்டகம், பாக்குவெட்டி. ஒரு நாளில் பலமுறை கைக்கு வருபவை இவை; விருந்தினர் முன் வைக்கப்படுபவை. இலங்கையின் கண்டிப் பகுதியில் இதே சாமான்களின் வெட்டு வேலையையும் பதிப்பு வேலையையும் ஆனந்த குமாரசுவாமி நேரில் கண்டு, 1908-இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூலில் பதிவு செய்தார். தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மகன் அவர். பயனையும் அழகையும் பிரித்து, ஒன்றைத் தொழில் என்றும் மற்றதைக் கலை என்றும் பார்ப்பது நவீன காலத்தின் நோய் என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர். பாக்குவெட்டியைச் சிற்பத்துக்கு நிகராக வைத்து எழுத அவரால் முடிந்ததற்கு அந்தப் பார்வையே காரணம்.

ஹூக்கா போன பிறகு

பிதரியின் உடல் பெரும்பாலும் துத்தநாகம். சிறிதளவு செம்பு கலந்தது. வார்த்து, அரத்தால் தேய்த்து, மயில்துத்தக் கரைசல் பூசித் தற்காலிகமாகக் கறுக்க வைப்பார்கள். அந்தக் கறுப்பின் மேல் கையாலேயே சித்திரத்தைக் கீறி, உளியால் பள்ளம் வெட்டி, வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் அதில் அடித்து இறக்குவார்கள். கடைசியில் பீதர் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடு கலந்து சூடாகப் பூசினால் உடல் நிலையான கறுப்பாகும். வெள்ளி வெள்ளியாகவே நிற்கும். அந்த இரு நிறத்தின் எதிர்நிலைதான் பிதரியின் அழகு.

இந்த அழகு எதன் மேல் ஏறியது என்பது முக்கியம். ஹூக்காவின் அடிக்கலம், கை கழுவ நீர் ஊற்றும் கெண்டி, வெற்றிலைப் பெட்டி, எச்சில் படிக்கம். தக்காணத்துச் செல்வர் வீடுகளில் தினமும் புழங்கிய பொருள்கள் இவை. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் பிதரி வைக்கப்பட்டது. பிறகு ஹூக்காவின் இடத்துக்குப் பீடியும் சிகரெட்டும் வந்தன. 1948-இல் நிஜாம் ஆட்சியும் முடிந்தது. பொருளும் போயிற்று, வாங்குபவரும் போயினர். இன்று பிதரி பூச்சாடியாகவும் காதணியாகவும் நினைவுப் பரிசாகவும் வாழ்கிறது. 2006-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பீதரின் பெயரை மற்றவர் பயன்படுத்தாமல் அது காக்கும். வெள்ளி விலை ஏறும்போது வாங்குபவரைக் கூட்டிவர அதனால் முடியாது.

ஜப்பானில் இதே சோதனை இன்னும் கடுமையாக வந்தது. அந்நாட்டின் உயர்ந்த உலோக நகாசு வாளின் கைக்காப்பிலும் பிடியிலும் வளர்ந்திருந்தது. 1876-இல் மெய்ஜி அரசு பொதுவெளியில் வாள் அணிவதைத் தடை செய்தது. பரம்பரையாக வாளணி செய்தவர்களில் பலர் ஏற்றுமதிக்கான பூச்சாடிகளுக்கு மாறினார்கள். ஆனால் வாளணி செய்தவர்களுள் பெரியவரான கானோ நட்சுவோ, தடைக்குச் சில ஆண்டுகள் முன்பே நாட்டின் புதிய நாணயங்களுக்கான அச்சுகளை வெட்டும் பணியில் பங்கேற்றார். வாளிலிருந்து பூச்சாடிக்குப் போனது ஒரு வழி; ஊரே புழங்கும் காசுக்கு வந்தது இன்னொரு வழி. பழைய திறமைக்குப் புதிய புழக்கத்தைத் தேடித் தர முடியும் என்பதற்கு அந்த இரண்டாவது வழி சான்று.

ஏற்றுமதியும் மேடையும்

ஷாஜகான் காலத்தில் ருஸ்தம் கான் நிறுவி, இளவரசர் முராதின் பெயரைப் பெற்ற ஊர் மொராதாபாத். அதன் பழைய வேலையில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசி, அந்த வெண்மையை உளியால் வெட்டித் திறப்பார்கள். கீழே இருக்கும் பொன்னிறம் கோலமாகத் தெரியும். வெட்டிய பள்ளத்தில் வண்ண அரக்கை உருக்கி நிரப்புவது இன்னொரு முறை. தட்டு, கூஜா, பன்னீர்ச் செம்பு என்று வீட்டுப் பொருள்களில் வளர்ந்த வேலை இது.

இன்று மொராதாபாத்தின் உலோகத் தொழில் பெரியது. அதன் சரக்கு உலகெங்கும் போகிறது. ஆனால் வெளிநாட்டு வியாபாரி கேட்பது பருவத்துக்கொரு புதிய வடிவம், குறைந்த விலை, ஆயிரக்கணக்கில் ஒரே அளவு. வார்ப்பிலும் அமிலத்திலும் பெரும்பகுதி அலங்காரம் முடிந்துவிடும்போது, நாள்கணக்கில் உட்கார்ந்து நகாசு வெட்டுபவருக்கு அங்கே இடம் சுருங்குகிறது. ஊர் வளர்ந்தும் உளி மெலிந்ததற்குக் காரணம், பொருளைப் புழங்குபவருக்கும் வெட்டுபவருக்கும் இடையே கடல் வந்து விழுந்ததுதான். இன்ன பூ வேண்டும், இன்னார் பெயர் வேண்டும் என்று கேட்க அங்கே யாரும் எதிரில் உட்காருவதில்லை.

தஞ்சாவூர்க் கலைத்தட்டு வேறு வகை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் இதில் வெள்ளித் தகட்டை அச்சில் தட்டிப் புடைப்புருவம் எடுத்து, பின்புறம் அரக்கு நிரப்பி, பித்தளை அல்லது செம்புத் தட்டில் உளியால் பள்ளம் வெட்டிப் பொருத்துவார்கள். பெயர்தான் தட்டு, அதில் யாரும் சாப்பிடுவதில்லை. அதன் புழக்கம் பாராட்டு விழா மேடை. அந்த மேடை இருப்பதால் தொழில் நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடைக்குத் தேவை ஒரே மாதிரியான, உடனே கிடைக்கும் பரிசு. அதனால் நடராஜரும் கோபுரமும் திரும்பத் திரும்ப வருகின்றன. கைக்குப் புதிய சோதனை வருவதில்லை.

ஸ்ரீநகரின் செம்பு

காஷ்மீரில் நிலைமை வேறு. அங்கே நகாசு வெட்டிய செம்புப் பாத்திரம் இன்றும் அடுக்களையில் இருக்கிறது. நடுக்குழாயில் கனலும் கரி தேநீரைச் சூடாக வைத்திருக்கும் சமோவர், விருந்துக்கு முன் ஒவ்வொருவர் முன்னும் வந்து கை கழுவ வைக்கும் கெண்டியும் தாம்பாளமும், நால்வர் சேர்ந்து உண்ணும் ட்ராமி என்ற பெருந்தட்டு, அதன் கவிந்த மூடி. எல்லாவற்றிலும் சினார் இலையும் வாதுமை வடிவமும் கொடிகளும் ஓடும். கல்யாணப் பெண்ணுக்குச் செம்புப் பாத்திரம் கொடுத்தனுப்புவதும் வழக்கம். பாத்திரம் அடிப்பவர், நகாசு வெட்டுபவர், மெருகிடுபவர் என்று வேலை பல கைகளுக்குப் பிரிகிறது. பழைய நகரத்துக் கடைத்தெருவில் வாங்குபவர் நின்று பேசிச் சொல்லிச் செய்துகொள்ள முடிகிறது.

புழக்கம் இருந்தால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. செம்புக்கு அங்கே தேவை அதிகம் என்பதாலேயே இயந்திரச் சரக்கும் உள்ளே வந்தது. 2006-இல் ஜம்மு காஷ்மீர் சட்டமன்றம், குறிப்பிட்ட செம்புப் பாத்திரங்களை இயந்திரத்தில் செய்வதைத் தடுக்கச் சட்டமே இயற்றியது. அதன் பிறகும் இயந்திரப் பாத்திரங்கள் சந்தைக்கு வந்துகொண்டுதான் இருந்தன. ஆக, நகாசு பிழைக்கப் புழக்கம் அடிப்படைத் தேவை. அதோடு, கைவேலை எது என்று வாங்குபவர் கண்டுகொள்ளவும் வேண்டும். இரண்டாவதை முயன்று உண்டாக்கலாம். முதலாவது இல்லாத இடத்தில் இரண்டாவதால் பெரிய பயன் இல்லை.

பேர் வெட்டிய பாத்திரம்

இனி நம்மூருக்கு வரலாம். பித்தளையையும் வெண்கலத்தையும் எவர்சில்வர் அடுக்களையிலிருந்து வெளியேற்றியபோது, பழைய குடங்களும் அண்டாக்களும் எடைக்குப் போயின. அவற்றிலிருந்த பூவேலையும் எழுத்தும் உலைக்குள் உருகின. கடினமான புதிய உலோகத்தில் கொடியும் இலையும் ஏறவில்லை. ஆனால் ஒன்று மட்டும் ஏறியது: பெயர். கூரிய உளியைச் சிறு சுத்தியால் தட்டி, புள்ளி புள்ளியாக எழுத்தை அமைக்கும் முறை எவர்சில்வருக்குப் பொருந்தியது. எல்லா அலங்காரமும் உதிர்ந்த பிறகும் இது நின்றதற்குக் காரணம் எளிது. அந்தப் பெயருக்கு வேலை இருந்தது. கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் இரவல் போகும் பாத்திரம் திரும்பி வர வேண்டும். பாகப் பிரிவினையில் எது யாருடையது என்று தெரிய வேண்டும். மொய்யாக வந்தது யார் கொடுத்தது என்று நினைவிருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் சீர்ப் பாத்திரங்களின் விளிம்பில் குடும்பத்தின் விலாச எழுத்துகள் இருக்கும். கோயில் மணியிலும் தூக்கு விளக்கிலும் ‘உபயம்’ என்று தொடங்கிக் கொடுத்தவர் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கும். இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியவை பெண்களின் பெயர்கள். தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பரம்பரைக் குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது. அதற்கு முன், நிலப் பத்திரம் எதிலும் பெயர் வராத எத்தனையோ பெண்களுக்குத் தங்கள் உடைமை என்று எழுத்தில் இருந்த சான்று பிறந்த வீட்டுச் சீர்ப் பாத்திரம்தான். தாய் வீட்டார் வெட்டிக் கொடுத்த பெயர் அது. கணவர் வீட்டு அலமாரியில் இருந்தாலும் யாருடையது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பழைய பாத்திரங்கள் எடைக்குப் போனபோது நாம் இழந்தது பித்தளையை மட்டும் இல்லை. ஒரு பெரும் ஆவணத் தொகுதியையே படிக்காமல் உருக்கிவிட்டோம்.

இந்த வேலையைக் கலை வரிசையில் சேர்க்கத் தயங்குபவர்கள் சொல்லும் காரணம், இதில் அழகு குறைவு என்பது. ஓரளவு சரிதான், அவசரத்தில் கோணலாக வெட்டிய பெயர்கள் ஏராளம். ஆனால் நல்ல கை எப்படியிருக்கும் என்பதையும் பாத்திரங்கள் காட்டுகின்றன. குடத்தின் கழுத்து வளைவை அனுசரித்து இறங்கும் எழுத்து வரிசை, சுழி உடையாத ‘ண’கரம், சமமான இடைவெளியில் விழுந்த புள்ளிகள், பெயரின் இரு பக்கமும் ஒரு சிறு பூ. அவ்வளவு போதும், அந்தக் கை பயின்ற கை என்று தெரிந்துவிடும்.

மின்பேனாவும் லேசரும்

இன்று கடைகளில் சுத்தியின் இடத்தில் மின்பேனா இருக்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கும் அதன் முனை, எவர்சில்வரின் மேல் எழுதுவதுபோல ஓடுகிறது. இதைக் கைவேலையின் முடிவு என்று சொல்ல மாட்டேன். எழுத்தின் வடிவம், சாய்வு, இடைவெளி எல்லாம் இன்னும் எழுதுகிறவரின் கையிலிருந்தே வருகின்றன. சுத்தியைவிட வேகம் கூடியிருக்கிறது, ஆழம் குறைந்திருக்கிறது.

லேசர் அப்படியில்லை. கணினியில் இருக்கும் எழுத்துருவை அது அப்படியே பாத்திரத்துக்கு மாற்றுகிறது. வேகமும் துல்லியமும் அதற்குண்டு. எளிய குடும்பத்துக்கும் குறைந்த செலவில் அலங்காரம் கிடைக்கச் செய்கிறது. அந்த நன்மையை மறுப்பது நியாயமில்லை. ஆனால் எவர்சில்வரின் மேல்தோலை நிறம் மாற்றி மட்டும் போடும் லேசர் எழுத்து, நாள்தோறும் கம்பி நாரால் தேய்க்கும் வீட்டில் தாங்காது. வெட்டிய எழுத்துக்குப் பள்ளம் இருப்பதால் தேய்ந்தாலும் தடம் நிற்கும். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. ஒரே எழுத்துரு எல்லா ஊர்ப் பாத்திரங்களிலும் ஏறும்போது, இது மதுரைக் கை, இது கும்பகோணத்துக் கை என்று இனம் பிரிக்க வழியில்லாமல் போகும்.

செய்யத் தக்கவை

மேலே கண்ட ஐந்து இடங்களின் அனுபவமும் ஒரே திசையைக் காட்டுகிறது. விருதும் குறியீடும் நல்லவை. அவை கைவினைஞருக்கு மரியாதை தருகின்றன. தொழிலுக்கு உயிர் தருவது மக்கள் கையில் புழங்கும் பொருள். எனவே முயற்சியும் அந்தப் பொருளைச் சுற்றியே இருக்க வேண்டும்.

முதலாவது, பதிவு. எடைக்குப் போகும் பாத்திரங்களைப் பழைய சாமான் கடையிலேயே படமெடுத்து, பெயர், ஊர், ஆண்டு, எழுத்தின் பாணி ஆகியவற்றைக் குறித்துவைக்க மாவட்ட அருங்காட்சியகங்களும் கல்லூரி வரலாற்றுத் துறைகளும் முன்வரலாம். கல்வெட்டைப் படி எடுக்கும் அக்கறையில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இரண்டாவது, பயிற்சி. மாமல்லபுரத்து அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் உலோகச் சிற்பம் கற்பிக்கிறார்கள். சுவாமிமலையிலும் நாச்சியார்கோவிலிலும் உளி பிடிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. அங்கிருந்து எழுத்து வெட்டும் முறையையும் விளிம்புக் கோலங்களையும் பாத்திரக் கடை வாசலில் இருப்பவர் கற்றுக்கொள்ள ஒரு குறுகிய பயிற்சி போதுமானது. அவரிடம் வாடிக்கையாளர் ஏற்கெனவே இருக்கிறார். மற்றக் கைவினைஞருக்கு இல்லாத பெரும் சொத்து அது.

மூன்றாவது, அரசு வாங்கும் பரிசு. அலமாரியில் தூசி படியும் கேடயத்துக்குப் பதில் கையால் பெயரும் கோலமும் வெட்டிய செம்பு, டவரா, டம்ளர் கொடுக்கலாம். அரசு நிறுவனமான பூம்புகார் இத்தகைய பொருள்களைச் செய்யச் சொல்லி விற்கலாம். அத்தோடு கைவெட்டா இயந்திர வெட்டா என்று ஒவ்வொரு பொருளிலும் எழுதி விற்பதும் கட்டாயமாக வேண்டும்.

நான்காவது, நம் பங்கு. செம்புத் தண்ணீர்ப் புட்டியும் பித்தளை காபி வடிகட்டியும் திரும்ப வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது. வாங்கும்போது பெயரைக் கையால் வெட்டித் தரச் சொல்லலாம்; அதற்குத் தனியாகக் கூலியும் கொடுக்கலாம். இலவசமாகத் தருவதால்தான் அந்த வேலை அவசரத்தில் முடிகிறது. நேரத்துக்குக் கூலி கிடைத்தால் வெட்டுகிறவர் பெயரோடு நிறுத்த மாட்டார், விளிம்பில் ஒரு கொடியும் ஓட்டுவார். தமிழ்நாட்டில் நகாசு அடுக்களைக்குத் திரும்புவதற்கு இதைவிடக் குறுகிய வழி இல்லை. அதற்குச் சட்டமோ விருதோ வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.